யார் சொன்னது என்ற கட்டம்

அண்ணி அதைச் சொன்னபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆபீசில் வைத்துச் சொல்லியிருந்தால் கையில் பேனா இருந்திருக்கும். வீட்டில் கத்திதான் இருந்தது.

"உங்க புது சிஸ்டம் வந்துட்டா எங்க கொத்தை என்னடி பண்றது? தலையைச் சுத்தித் தூக்கி எறிய வேண்டியதுதானா?" என்று கேட்டாள்.

"என்ன கொத்து?"

"டேக் கொத்து." அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "ஐயோ, விடு. ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல என்று சொன்னால் விட்டுவிடுகிற ஆளா நான்? நான் பிசினஸ் அனலிஸ்ட். அப்படியென்றால் என்ன என்று என் அண்ணனுக்கு இன்றுவரை புரியவில்லை. ப்ரோக்ராம் எழுதுகிறாயா என்றால் இல்லை, கம்ப்யூட்டர் ரிப்பேரா என்றால் அதுவும் இல்லை. ஓரிடத்தில் புது சிஸ்டம் வரப்போகிறது என்றால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் போய், என்ன செய்கிறீர்கள், ஏன் செய்கிறீர்கள், எங்கே இடிக்கிறது என்று குடைந்து குடைந்து கேட்டு, கட்டுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆபீசில் எனக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். எனக்கு மாப்பிள்ளை அமையாததற்கும் இதுதான் காரணம் என்பது அண்ணியின் கட்சி. பெண் பார்க்க வந்தவனையே கேள்வி கேட்டு ஓட்டிவிட்டேனாம்.

அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், சாப்பாடு கீழே. அண்ணனுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வண்டி ஓட்ட முடியவில்லை. வீடு நடப்பது அண்ணியின் சம்பளத்தில்தான். அவள் ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ். எங்கள் கம்பெனி அதே ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுக்கிற சிஸ்டத்தைப் புதிதாகப் போடுகிறது. உள்ளே சொந்தக்காரி இருந்தால் வேலை சுலபம் என்று கணக்குப் போட்டுத்தான் என்னை அனுப்பினார்கள். அந்தக் கணக்கு எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

"அண்ணி, முழுசா சொல்லுங்க."

சொன்னாள். ஒவ்வொரு குழந்தையின் காலிலும் பெயரும் கோடுகளும் அச்சடித்த ஒரு டேக் கட்டியிருக்கும். மருந்து கொடுக்கும்போது அதை ஸ்கேன் செய்ய வேண்டும், அது சட்டம். மருந்து டிராலியில் மாட்டியிருக்கும் ஸ்கேன் மெஷினின் ஒயரோ ஒரு முழம்தான். டிராலியைப் பிள்ளை இருக்கிற கண்ணாடிப் பெட்டியோடு ஒட்டி நிறுத்தி, அந்த இன்குபேட்டரின் கதவைத் திறந்து, தூங்குகிற பிள்ளையின் காலைத் தூக்கிப் பிடித்தால்தான் எட்டும். கதவைத் திறந்தால் சூடு இறங்கும், பிள்ளை நடுங்கும். டேக் உரசி அந்தத் தோல் காகிதமாகக் கிழியும். அதனால் டேக் அச்சடிக்கும்போதே இன்னொரு பிரதி எடுத்து, எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்து, சாவிக்கொத்து மாதிரி டிராலியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். காலைத் தொடாமல் கொத்திலிருந்தே ஸ்கேன்.

"பிள்ளைங்க நிம்மதியா தூங்குதுங்க. தோலும் பிழைச்சுது. உனக்கு அதுல என்ன?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இன்றைக்கு அவர்கள் கொத்தை ஸ்கேன் செய்வது மருந்து கொடுத்தாயிற்று என்று பதிவதற்கு மட்டும்தான். அளவை, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற பம்பில் கையால்தான் வைக்கிறார்கள். கொத்தில் தப்பான டேக் வந்தால் பதிவு தப்பும், அவ்வளவுதான். பிள்ளைக்குப் போகிற மருந்து தப்பாது. புது சிஸ்டம் அந்தக் கையை எடுத்துவிடுகிறது. டேக்கை ஸ்கேன் செய்து, பக்கத்தில் இருக்கிற பம்பையும் ஸ்கேன் செய்தால் போதும். டாக்டர் எழுதிய அளவு தானாகப் பம்புக்குப் போய்விடும். கொத்தில் பக்கத்து டேக் கையில் சிக்கினால் பக்கத்துப் பிள்ளையின் அளவு இந்தப் பிள்ளைக்கு ஏறும். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சொட்டு கூடினாலே உயிர்.

அதைச் சொன்னேன். அண்ணி கரண்டியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல எனக்குக் கைமாறினதே கிடையாது. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன் எந்தப் பிள்ளை எதுன்னு."

"எல்லாரும் நீங்க இல்லையே."

"இதோ பாரு. இதை உன் அண்ணியா சொன்னேன். நர்ஸா சொல்லல. அங்க போய் ஒரு எழுத்து எழுதினே, நாளைக்கே நான் வீட்டுல உட்கார்ந்திருப்பேன். அடிஸ்கேலைப் பத்தி உனக்குத் தெரியும்ல?"

தெரியும். ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு நர்ஸுகள் வைத்த பெயர் அடிஸ்கேல். மேல்மாடி வார்டில் இரண்டு பேர் இதே மாதிரி டேக் பிரதி வைத்திருந்ததற்கு, ஏன் என்றுகூடக் கேட்காமல் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினவர். ஏன் என்று கேட்காத மனிதர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் ஆவணத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம் வைப்பேன். 'யார் சொன்னது' என்று தலைப்பு. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியை எழுத மாட்டேன். ஆளில்லாத தேவை அநாதைப் பிள்ளை. கூட்டத்தில் யாராவது ஒருவர் இது எதுக்கு என்று முகம் சுளித்தால் போதும், தூக்கிப் போட்டுவிடுவார்கள். 'நர்ஸுகள் டேக்கைக் கொத்தாக வைத்து ஸ்கேன் செய்கிறார்கள், ஒயரையும் டேக்கையும் மாற்றாமல் புது சிஸ்டத்தைத் தொடங்கக் கூடாது' என்று எழுத எனக்கு நொடி ஆகாது. எதிர்க் கட்டத்தில் யாரைப் போடுவது? பெயரே போடாவிட்டாலும், அந்த வார்டில் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

அடுத்த வாரம் சிஸ்டத்தைத் தொடங்க நாள் குறித்தாகிவிட்டது. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலை வார்டு நர்ஸுகளோடு கடைசிக் கூட்டம். எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் வாயில் தேதியைத் தவிர வேறு வராது. அடிஸ்கேல் மேஜையின் தலைமாட்டில். அவருக்கு எதிரே அண்ணியும் இன்னும் இரண்டு நர்ஸுகளும், மடிப்புக் கலையாத சட்டையோடு.

நான் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "மருந்து கொடுக்கும்போது டேக்கை எங்க வெச்சு ஸ்கேன் பண்றீங்க, சிஸ்டர்?"

"குழந்தையோட கால்ல இருக்கிற டேக்கைத்தான், மேடம்" என்றாள் அண்ணி.

வீட்டில் 'டி' போட்டுப் பேசுகிறவள், ஆஸ்பத்திரியில் எனக்கு மேடம் போடுவாள். எப்போதும் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

"எப்பவுமா?"

"எப்பவும்."

"ரொம்ப பிஸியா இருக்கும்போது? ரெண்டு அலாரம் ஒரே நேரத்துல அடிச்சா?"

"அப்பவும்தான், மேடம்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அடிஸ்கேல் பெருமையாக நாற்காலியில் சாய்ந்தார். "எங்க ஆளுங்க சட்டத்தை மீற மாட்டாங்க. மீறினவங்க இப்ப இங்க இல்ல" என்றார். தேதி மேனேஜர் என் முழங்கையைத் தட்டி, "ஆச்சா? கையெழுத்து போட்டுடலாமா?" என்றார்.

"ஒரு நாள் வார்டுல நின்னு பார்த்துட்டுப் போடறேன்" என்றேன்.

சொன்னதை எழுதுவதைவிடப் பார்த்ததை எழுதுவது எனக்கு எப்போதும் தோது. நானே பார்த்துவிட்டால் கட்டத்தில் என்னையே போட்டுக்கொள்ளலாம், அண்ணி தப்பித்துவிடுவாள். அப்படித்தான் நினைத்தேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வார்டு மூலையில் நின்றேன். வெதுவெதுப்பான அறை, மங்கலான விளக்கு, வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு உயிர், மூக்கில் குழாயோடு. எல்லாரும் அச்சுப் பிசகாமல் வேலை செய்தார்கள். டிராலியை ஒட்டி நிறுத்தினார்கள், கதவைத் திறந்தார்கள், காலைத் தூக்கினார்கள், ஸ்கேன் செய்தார்கள். பார்வையாளர் நிற்கும்போது யார்தான் தப்புச் செய்வார்கள்? டிராலியில் கொத்து இல்லை. அண்ணியின் மேல்சட்டைப் பை மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. ஓரத்தில் பிளாஸ்டிக் வளையம் எட்டிப் பார்த்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அதை விரலால் உள்ளே தள்ளினாள்.

காலைத் தூக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் சத்தமே வராமல் வாயைத் திறந்து அழுதன. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார், உன்னால்தான் என்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வெடித்தது.

"என்னைக் கையும் களவுமா பிடிக்கத்தானே வந்து நின்னே?" என்றாள்.

"உங்களைப் பிடிக்க இல்ல அண்ணி, அந்த ஒயரைப் பிடிக்க. நீங்களே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டு? உன் அண்ணன் மாத்திரையை யார் வாங்குவா, நீயா? சரி, நீ வாங்குவே. அப்புறம் உன் முகத்தைப் பார்த்துச் சாப்பிடணும். அதுக்கு நான் சும்மாவே இருந்துட்டுப் போறேன்."

"ஏதாவது ஒரு பிள்ளைக்கு ஆச்சுன்னா?"

"ஆகாது. நான் இருக்கேன்ல."

"நீங்க லீவு போட்ட அன்னைக்கு?"

அண்ணன் கட்டிலில் படுத்தபடியே, "ரெண்டு பேரும் என்னத்துக்கு இப்படி முட்டிக்கிறீங்க?" என்று கேட்டான். இருவரும் ஒரே குரலில் ஒண்ணுமில்ல என்றோம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமும் கோபமும் சேர்ந்து வந்தால் எனக்குச் சாப்பாடு பிடிக்காது. அண்ணி மேல் இருந்த கோபத்தைவிட, அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்ற கோபம்தான் அதிகம்.

மறுநாள் தேதி மேனேஜரிடம், "இதுல ஒரு ஆபத்து இருக்கு, ஆனா யார் சொன்னதுன்னு சொல்ல முடியாது" என்றேன்.

"யாரும் சொல்லாத ஆபத்தை நான் எங்கம்மா போய்ச் சொல்லுவேன்? பார்த்தியா?"

"இல்ல."

"கேட்டியா?"

வாயை மூடிக்கொண்டேன். அவர் காலண்டரைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்துப் போடாவிட்டால் என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். புது ஆளுக்குக் கொத்து என்ற ஒன்றே தெரியாது; சந்தோஷமாகப் போட்டுவிட்டுப் போவான். எப்படிப் பார்த்தாலும் அடுத்த வாரம் பம்புகள் ஓடும்.

உட்கார்ந்து யோசித்தேன். அண்ணி சொல்ல மாட்டாள். நான் பார்க்க முடியாது. அப்படியானால் இந்தத் தேவையை வேறு யாராவது சொல்ல வேண்டும். யார் சொன்னால் யாரும் கேள்வி கேட்க முடியாதோ, அவர் சொல்ல வேண்டும்.

அடிஸ்கேலின் அறைக்குப் போனேன். அவருக்கு ஒரு பெருமை உண்டு, யாரைப் பார்த்தாலும் சொல்வார்: நானும் நர்ஸா இருந்து வந்தவன்தான், வார்டு எனக்குத் தண்ணி பட்ட பாடு.

"சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி புது சிஸ்டத்தை வெச்சு ஒரே ஒரு ஒத்திகை. நிஜ வார்டு மாதிரியே. நர்ஸா யாரை நிறுத்தறதுன்னுதான் தெரியல. கை பழகின ஆளா வேணும். இப்ப இருக்கிறவங்களைப் போட்டா, பழகிட்டாங்க அதான் சுலபமா இருக்குன்னு எங்க கம்பெனியிலயே சொல்லிடுவாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் நிக்கறேன்" என்றார். "எவ்வளவு சுலபம்னு எல்லாரும் பார்க்கட்டும்."

தேதி மேனேஜர் கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டார். "பொம்மை விளையாட்டா? சரி, மதியம் முடிச்சுடு" என்றார்.

உண்மையாகவே பொம்மை விளையாட்டுதான். பயிற்சி அறையில் பழைய இன்குபேட்டர்கள் நான்கு சும்மா கிடந்தன. அண்ணன் மகளின் பொம்மைகளைக் கேட்டு வாங்கி வந்து ஒவ்வொன்றிலும் ஒன்றைப் படுக்க வைத்து, காலில் டேக் கட்டினேன். பம்புகளில் மருந்துக்குப் பதிலாக நீலச் சாயம் கலந்த தண்ணீர். குழாய் முனையைப் பொம்மையின் கையில் பஞ்சு வைத்து ஒட்டினேன். வாசல் பக்கத்துப் பெட்டியில் படுத்த பொம்மைக்கு நிறைய மருந்து. ஜன்னலோரம் படுத்ததற்குச் சொட்டுக்கும் குறைவு. முடி கொட்டி மொட்டையாகிப்போன பொம்மை அது. அது இல்லாமல் அண்ணன் மகள் தூங்க மாட்டாள். அதையும் கேட்டு வாங்கியிருந்தேன், திருப்பித் தருவேன் என்று சத்தியம் செய்து.

அண்ணியும் அந்த இரண்டு நர்ஸுகளும் பார்க்க வந்தார்கள். அண்ணி மொட்டைப் பொம்மையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

அடிஸ்கேல் கோட்டைக் கழற்றிவிட்டுக் கை கழுவினார். வாசல் பக்கத்து முதல் பெட்டியை அழகாகத்தான் செய்தார். டிராலியை ஒட்டி நிறுத்தி, கதவைத் திறந்து, பொம்மையின் காலை மெதுவாகத் தூக்கி ஸ்கேன் செய்தார். பம்பை ஸ்கேன் செய்தார். பச்சை விளக்கு வந்தது. எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

நான் இரண்டாவது பெட்டியின் அலாரத்தை அழுத்தினேன். அவர் அங்கே திரும்பினார். டிராலிச் சக்கரம் பம்பின் காலில் மாட்டியது. ஒயர் எட்டவில்லை. இழுத்தார். அதற்குள் முதல் பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை என்று அதுவும் கத்த ஆரம்பித்தது. நான் அதைச் செய்யவில்லை, பழைய பெட்டி, தானாகவே கத்தியது. போன் அடித்தது. மருந்துக் கிடங்கிலிருந்து கேட்கிற மாதிரி நான் ஏற்பாடு செய்திருந்தேன். குழந்தையின் அப்பாவாக நடிக்கச் சொல்லி நிறுத்தியிருந்த தேதி மேனேஜர், "சார், என் பிள்ளை ஏன் சார் அழுது? யாராவது பாருங்க சார்" என்று பின்னாலேயே வந்தார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தேதியைத் தவிர வேறு பேசினார், அதுவும் நன்றாகவே பேசினார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அடிஸ்கேல். அவர் நெற்றி வியர்த்தது. மூன்றாவது அலாரம் அடித்தது.

அப்போது செய்தார். யாரும் சொல்லித்தரவில்லை. மூன்றாவது பொம்மையின் காலிலிருந்த டேக்கை உருவி எடுத்துத் தன் விரலில் மாட்டிக்கொண்டார். நாலு எட்டு வைத்து ஜன்னலோரப் பெட்டிக்குப் போய் மொட்டைப் பொம்மையின் டேக்கையும் உருவினார். முதல் பொம்மையின் டேக்கும், அவிழ்ந்து தொங்கிய இரண்டாவதும் விரல்களுக்கு வந்தன. டிராலியைப் பம்பு பம்பாகத் தள்ளிக்கொண்டே, பெட்டியைத் திறக்காமல் விரல் விரலாக ஸ்கேன் செய்தார். ஒவ்வொன்றுக்கும் கை நீட்டிப் பம்பை ஸ்கேன் செய்தார். பச்சை, பச்சை, பச்சை. அலாரங்கள் அடங்கின. அறை அமைதியானது.

"பார்த்தீங்களா?" என்றார், மூச்சு வாங்க. "முடிஞ்சுது."

நான் ஜன்னலோரப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டுக்கும் குறைவாக ஏற வேண்டிய பொம்மையின் கையில் பஞ்சு நீலமாகி, சட்டை நீலமாகி, கீழே விரித்திருந்த துணியில் இறங்கிக்கொண்டிருந்தது. பம்ப் நிற்கவில்லை. அதன் திரையில் வாசல் பெட்டிப் பொம்மையின் அளவு ஓடியது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

தேதி மேனேஜர்தான் முதலில் பார்த்தார். "சார்" என்றார், நடிப்பில்லாத குரலில்.

அடிஸ்கேல் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, என்னைப் பார்த்துத்தான்.

"வேணும்னே செட் பண்ணினியா?"

"அலாரமும் போனும் நான் வெச்சது, சார். டேக்கைக் கழட்டச் சொல்லல."

"அப்ப இது வார்டுல நடக்குதா? நேரா பதில் சொல்லு. நடக்குதா இல்லையா?"

அண்ணி நின்ற பக்கம் கண் போய்விடக் கூடாது என்று அவர் விரல்களையே பார்த்தேன். நான்கு விரல், நான்கு டேக்.

"நான் பார்த்தது இந்த ரூம்ல, சார். செஞ்சது நீங்க. ஆவணத்துல அப்படித்தான் எழுதப் போறேன்."

"நான் கேட்டது அது இல்ல. வார்டுல யார் செய்யறாங்க?"

என் காதில் பம்பின் முனகல் மட்டும் கேட்டது. நான் நினைத்துவைத்திருந்த திட்டம் இதோடு முடிந்திருந்தது. இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை, அவர் ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்தால் அண்ணி போனாள். பையை இறுகக் கட்டிக்கொண்டேன்.

அண்ணி நகர்ந்து வந்தாள். முதலில் பம்பை நிறுத்தினாள். பெட்டியைத் திறந்து நனைந்த பொம்மையை இரண்டு கையாலும் தூக்கி, நிஜப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி கழுத்தைத் தாங்கிப் பிடித்து மேஜையில் கிடத்தினாள். பிறகு சட்டைப் பையிலிருந்து கொத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நான் செய்யறேன், சார். வார்டுல எல்லாரும் செய்யறோம், ஆனா ஆரம்பிச்சது நான்."

அடிஸ்கேல் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"நீங்க எந்த டேக்கை ஸ்கேன் பண்றீங்கன்னு நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கண்ணை எடுக்கல. சரியாத்தான் பண்றீங்கன்னு நினைச்சேன்." அவள் குரல் உடைந்தது. "எனக்கே தெரியல, சார். தண்ணி இறங்கற வரைக்கும் எனக்கே தெரியல."

அழுதாள். இத்தனை வருடத்தில் அண்ணனுடைய ஆபரேஷன் அன்றைக்குக்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

அடிஸ்கேல் அந்தக் கொத்தைப் பார்த்தார். வெளியே போ என்று கதவைக் காட்டக் கையைத் தூக்கினவர், தூக்கின கையைப் பார்த்தார். விரல்களில் டேக்குகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்று இறுகிவிட்டது, இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கழற்றிக் கொத்தின் பக்கத்திலேயே வைத்தார்.

"ஏன்?" என்றார்.

அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணி ஒயரைச் சொன்னாள், சூட்டைச் சொன்னாள், கிழிகிற தோலைச் சொன்னாள். அவர் உட்கார்ந்து கேட்டார்.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "தேதி தள்ளிப் போகட்டும். ஆனா சட்டம் சட்டம்தான். நாளையிலேர்ந்து நீங்க அந்த வார்டுக்குப் போக வேண்டாம்." அண்ணியின் முகம் செத்துவிட்டது. "சம்பளம் உண்டு. இந்த ரூம்ல உட்காருங்க. இது சரியாகற வரைக்கும், என்னென்ன மாத்தணும்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. சரியானப்புறம் வார்டைப் பத்திப் பேசுவோம்."

மேல்மாடி நர்ஸுகள் இரண்டு பேரையும் ஏன் என்று கேட்டிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்குக் கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்டேன், அது வேறு சண்டை.

வீட்டில் இரண்டு நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. தட்டு மட்டும் வந்தது, நங்கென்று. மூன்றாம் நாள் பயிற்சி அறையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். வார்டு சுவருக்கு அந்தப் பக்கம்தான். அங்கே ஒரு அலாரம் அடித்தது. அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள். கைகளை மடியில் பிசைந்துகொண்டாள்.

"வீட்டுலயும் உன் மூஞ்சி, இங்கயும் உன் மூஞ்சியா?" என்றாள்.

"எனக்கும் அதேதான் அண்ணி. சொல்லுங்க, முதல்ல என்ன வேணும்?"

"ஒயரே இருக்கக் கூடாது. கையில எடுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும். கண்ணாடிக்கு வெளியில நின்னே படிக்கணும். கதவைத் திறக்கவே கூடாது. டேக் துணி மாதிரி இருக்கணும், உரசக் கூடாது. இன்னொரு காப்பி அடிக்கவே முடியாத மாதிரி பண்ணிடு. வசதி இருந்தா நானே மறுபடி அடிப்பேன்."

வரி வரியாகத் தட்டினேன். முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்கு வந்தேன். யார் சொன்னது. விரல் நின்றது.

"இதுல என்ன போட, அண்ணி?"

சுவருக்கு அந்தப் பக்கம் அலாரம் அடங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நர்ஸ் சொன்னான்னு போடு" என்றாள். "அண்ணி உன்கிட்ட எதையும் சொல்லல."

போட்டேன். பிறகு அடுத்த வரிக்குப் போனோம்.